பூஞ்சைகளின் நொதிகள் வயலில் தங்கிய பூச்சிக்கொல்லியைச் சிதைக்குமா?

இருபது ஆண்டுகளாகப் பருத்தியும் மிளகாயும் மாறி மாறிப் பயிரிடப்பட்ட இரண்டு ஏக்கர் கரிசல் நிலத்தை வாங்கியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அதில் எண்டோசல்பான், மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் ஆகியவை தாராளமாகத் தெளிக்கப்பட்டதாக அக்கம்பக்கத்தார் கூறியிருக்கிறார்கள். பூஞ்சைகளின் நொதிகள் பூச்சிக்கொல்லிகளைச் சிதைத்துவிடும் என்று படித்ததால், அந்த நொதியை எங்கே வாங்கலாம், ஏக்கருக்கு எவ்வளவு தெளிக்கலாம், எத்தனை மாதத்தில் நிலம் தூய்மையாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: இந்த நொதிகளுக்கு அந்தத் திறன் உண்மையிலேயே உண்டா, அந்தத் திறன் திறந்த வயலில் வெளிப்படுமா, அந்த நிலத்தில் விளைவதை உங்கள் வீட்டார் நம்பிச் சாப்பிடலாமா. மண் நுண்ணுயிரியல் படித்து, நஞ்சு தங்கிய மண்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், முதல் கேள்விக்கு ஆம் என்றும், இரண்டாவதற்கு மிகக் குறுகிய எல்லைக்குள் மட்டும் ஆம் என்றும் சொல்வேன். மூன்றாவதற்கு விடை தருவது பூஞ்சை அல்ல, மண் பரிசோதனையும் பயிர்த் தேர்வும்தான்.

உறுதியாக நிலைநாட்டப்பட்டதிலிருந்து தொடங்குகிறேன். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் ஒழுங்கான வடிவமில்லாத, எளிதில் செரிக்க முடியாத பெரும் மூலக்கூறு. அதைச் சிதைத்து மரத்தை வெளிறிப்போகச் செய்யும் பூஞ்சைகளை வெண் அழுகல் பூஞ்சைகள் என்கிறோம். நாம் உண்ணும் சிப்பிக் காளானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். லிக்னினின் ஒவ்வொரு பிணைப்புக்கும் பொருந்தும் தனித்தனி நொதி எந்த உயிரிடமும் இல்லை. எனவே இந்தப் பூஞ்சைகள் எதிர்ப்படும் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி அதை நிலைகுலையச் செய்யும் நொதிகளைத் தம் உடலுக்கு வெளியே சுரக்கின்றன. அவற்றில் லிக்னின் பெராக்சிடேஸ் 1983இல் ஃபேனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சையிடம் கண்டறியப்பட்டது. மாங்கனீஸ் பெராக்சிடேஸ் அதை ஒட்டியே கண்டறியப்பட்டது. லாக்கேஸ் என்ற செம்பு கொண்ட நொதி அரக்கு மரத்துச் சாற்றில் 1883இலேயே அறியப்பட்டிருந்தது. 1985இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் பம்பஸ், மிங் டியன், டேவிட் ரைட், ஸ்டீவன் ஆஸ்ட் ஆகியோர் டி.டி.டி., லிண்டேன் முதலிய நீடித்த நச்சுகளின் கார்பனுக்குக் கதிரியக்க அடையாளம் இட்டு, அவற்றை இந்தப் பூஞ்சைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அடையாளமிட்ட கார்பனின் ஒரு பகுதி கார்பன் டை ஆக்சைடாக வெளிவந்தது. நச்சு எங்கோ ஒட்டிக்கொண்டு மறையவில்லை, மூலக்கூறே உடைந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நீங்கள் படித்த செய்தியின் வேர் பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான் இருக்கிறது.

ஆனால் அந்த உடைப்பைச் செய்தது எந்த நொதி என்பதில் விரைவிலேயே ஐயம் எழுந்தது; உங்கள் கேள்விக்கு மிகவும் தேவையான பகுதி இதுவே. 1988இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், பூஞ்சை வெளியே சுரக்கும் லிக்னின் சிதைக்கும் நொதிக்கும் டி.டி.டி. சிதைவுக்கும் தொடர்பில்லை என்று காட்டினார்கள்: நொதியைப் பிரித்தெடுத்து டி.டி.டி.யோடு சேர்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை, உயிருள்ள பூஞ்சையோ அதைச் சிதைத்தது. குளோரின் நிறைந்த பல பூச்சிக்கொல்லிகளுக்கு இதேதான் நிலை. அவற்றை முதலில் தொடுபவை பெரும்பாலும் பூஞ்சையின் செல்லுக்குள் இருக்கும் சைட்டோகுரோம் பி450 வகை நொதிகள். 2004இல் ஃபேனரோகீட் கிரைசோஸ்போரியத்தின் மரபணுத் தொகுப்பு முழுவதும் வெளியானபோது இந்த வகையில் மட்டும் சுமார் 150 மரபணுக்கள் இருப்பது தெரிந்தது. இந்த நொதிகள் செல்லுக்குள் இருக்கும் சவ்வுகளில் பதிந்திருப்பவை. இயங்குவதற்கு உயிருள்ள செல் தொடர்ந்து ஊட்டும் ஆற்றல் வேண்டும். பிரித்தெடுத்துப் புட்டியில் அடைத்தால் செயலிழந்துவிடும். ஆகவே பூஞ்சை நொதி என்ற பெயரில் ஒரு பொடியோ திரவமோ உங்களிடம் விற்கப்பட்டால், அதில் இருக்கக்கூடியது பெரும்பாலும் லாக்கேஸ் போன்ற வெளிச்சுரப்பு நொதிதான். உங்கள் நிலத்தில் நீங்கள் அஞ்சும் எண்டோசல்பானைத் தொடுவதற்கு அது போதாது.

பிரித்தெடுத்த நொதி எங்குமே பயன்பட்டதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். குளோர்பைரிபாஸ், பாரத்தியான் போன்ற பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லிகளில், நீரைக் கொண்டு ஒரே ஒரு பிணைப்பை வெட்டினாலே நச்சுத்தன்மை பெருமளவு இறங்கிவிடும். அந்த வெட்டைச் செய்யும் சிறந்த நொதிகள் பாக்டீரியாக்களிடம் இருக்கின்றன. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில், டயசினான் தெளித்த நெல் வயலிலிருந்து, அதைச் சிதைக்கும் பாக்டீரியத்தைப் பிரித்து 1973இல் அறிவித்தவர்கள் என். சேதுநாதனும் டி. யோஷிடாவும், அதன் பிறகு இந்த நொதிக் குடும்பத்தைப் பற்றி வந்த ஆய்வுகளில் பல அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து கிளைத்தவை. ஆஸ்திரேலியாவின் அரசு அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனம் இதே வகையைச் சேர்ந்த மற்றொரு பாக்டீரிய நொதியைத் தூளாக்கி, லேண்ட்கார்ட் என்ற பெயரில் விற்பனைக்கு வரும் அளவுக்குக் கொண்டுசென்றது. ஆனால் அது ஆட்டுக் குளிப்பாட்டுத் தொட்டியின் கழிவுநீருக்கும் வயலிலிருந்து வடியும் பாசன நீருக்கும் உரியது. நீரில் நொதியும் நச்சும் தடையின்றிச் சந்திக்கின்றன. மண்ணில், குறிப்பாகக் களித்துகள் மிகுந்த கரிசலில், நச்சு களியிலும் மட்கிலும் ஒட்டிக்கொள்கிறது, நொதியும் களியில் ஒட்டிக்கொண்டு வலுவிழக்கிறது, இரண்டும் அருகருகே இருந்தும் சந்திப்பதில்லை. இதோடு காரத்தன்மையும் சேர்கிறது. லிக்னின் பெராக்சிடேஸ் மூன்றை ஒட்டிய பி.எச். (ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம் எனக் காட்டும் எண்) அளவிலும், மாங்கனீஸ் பெராக்சிடேஸ் நாலரையை ஒட்டிய அளவிலும் நன்றாக இயங்குபவை; கரிசல் மண்ணில் பி.எச். பெரும்பாலும் ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் இருக்கும். பெராக்சிடேஸ்களுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடும் தொடர்ந்து வேண்டும். உயிருள்ள பூஞ்சை அதைத் தானே சிறுகச் சிறுக உண்டாக்கிக்கொள்கிறது, தெளிக்கப்பட்ட நொதிக்கு அதைக் கொடுப்பார் இல்லை.

அடுத்து, சிதைப்பது என்ற சொல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். எண்டோசல்பானை எடுத்துக்கொள்வோம். அது ஆக்சிஜனேற்றம் அடைந்தால் எண்டோசல்பான் சல்பேட் ஆகிறது. அதன் நச்சுத்தன்மை மூலப்பொருளுக்கு ஏறக்குறைய இணையானது, மண்ணில் நிலைக்கும் காலமோ மூலப்பொருளைவிட நீண்டது. நீராற்பகுப்பு வழியில் சென்றால் எண்டோசல்பான் டையால் ஆகிறது. அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. ஃபேனரோகீட் கிரைசோஸ்போரியம் இந்த இரண்டு வழிகளையும் கையாள்கிறது என்று குல்மனும் மட்சுமுராவும் 1996இல் காட்டினார்கள். ஆகவே பூஞ்சை எண்டோசல்பானைச் சிதைத்தது என்ற செய்தி தன்னளவில் ஆறுதல் தரக்கூடியது அல்ல. எந்தப் பக்கமாகச் சிதைத்தது என்பதே முக்கியம். கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்கள் மீது 1970களின் பிற்பகுதி முதல் 2000 வரை எண்டோசல்பான் வானிலிருந்து தெளிக்கப்பட்டதையும், அங்கே மக்கள் பட்ட துன்பத்தையும், 2011இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதைத் தடை செய்ததையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். அவ்வளவு வருத்தத்துக்குப் பிறகு, மூலப்பொருள் மட்டும் காணாமல் போனதை வெற்றி என்று சொல்லும் ஆய்வுக் குறிப்புகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. குளோர்பைரிபாஸிலும் இதே சிக்கல் சிறிய அளவில் உண்டு. அது உடையும்போது பிறக்கும் டிரைகுளோரோபிரிடினால் என்ற பொருள் நீரில் எளிதாக நகரும், நுண்ணுயிர்களின் வளர்ச்சியையும் தடுக்கும்.

திறந்தவெளியில் செய்த சோதனைகளிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. அமெரிக்காவில் லமார், டயட்ரிச் ஆகிய இருவர், மரப் பாதுகாப்புக்காகப் பயன்படுத்திய பென்டாகுளோரோஃபீனால் சிந்திக் கெட்டுப்போன மண்ணில், மரச்சில்லுகளில் வளர்த்த ஃபேனரோகீட் பூஞ்சைகளையும் கரி மட்கையும் (சதுப்பு நிலத்தில் பாதி மட்கிய தாவரப் பொருள், peat) கலந்தார்கள். ஆறரை வாரத்தில் அந்த நச்சு 88 முதல் 91 விழுக்காடு வரை குறைந்தது என்று 1990இல் அறிவித்தார்கள். மனத்துக்கு நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் குறைந்ததில் 8 முதல் 13 விழுக்காடு வேறொரு குளோரின் சேர்மமாக மாறியிருந்தது. எஞ்சியதில் பெரும்பகுதி கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்க முடியாதபடி மண்ணின் மட்கோடு பிணைந்துவிட்டது என்று அவர்களே நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். அப்படிப் பிணைந்தது பயிருக்கும் புழுவுக்கும் கிட்டாத வரை அது நன்மைதான். பல பத்தாண்டுகள் கழித்து மண்ணின் தன்மை மாறும்போது அது மீண்டும் விடுபடுமா என்பதில் துறைக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

அளவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் மட்டுமே ஏறக்குறைய 800 முதல் 900 டன் எடையிருக்கும். பூஞ்சை வளர்ந்த வைக்கோலையோ மரச்சில்லையோ அதில் 3 விழுக்காடு என்று குறைவாகக் கலந்தாலும் ஏக்கருக்கு 25 டன் வேண்டும். வெண் அழுகல் பூஞ்சைகள் மரத்தில் வாழப் பிறந்தவை, மண் அவற்றின் வீடு அல்ல. கொண்டுவந்த வைக்கோல் தீர்ந்ததும் மண்ணிலுள்ள பாக்டீரியாக்களும் பிற பூஞ்சைகளும் அவற்றை ஒதுக்கித் தள்ளிவிடும். முன்பு தெளித்த கார்பென்டாசிம் போன்ற பூஞ்சைக்கொல்லிகளின் எச்சம் மண்ணில் இருந்தால் அதுவும் ஒரு தடை. ஆய்வகக் குடுவையில் இரண்டு வாரத்தில் நடந்ததை ஒரு கோடைக்காலத்தில் வயல் முழுவதும் நடத்திக் காட்டலாம் என்று யாராவது உறுதி தந்தால், அவரிடம் மண் பரிசோதனை முடிவுகளை, முன்னும் பின்னும், கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அப்படியானால் பூஞ்சை எங்கே நம்பத்தக்க வகையில் வேலை செய்கிறது? அடைபட்ட, சிறிய, வைக்கோல் நிறைந்த இடத்தில். ஸ்வீடனில் 1993 முதல் விவசாயிகள் அமைத்துவரும் உயிர்ப்படுகைகள் இதற்கு நல்ல சான்று. லெனார்ட் டோர்ஸ்டென்சன் என்ற ஆய்வாளரின் முயற்சியால் பரவிய அந்த முறையில் ஒரு குழி வெட்டி, அடியில் களிமண் அடுக்கி, அதன் மேல் ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்துக்கு, கன அளவில் இரண்டு பங்கு வைக்கோல், ஒரு பங்கு கரி மட்கு, ஒரு பங்கு மண் என்ற கலவையைப் போட்டு, மேலே புல் வளர்க்கிறார்கள். மருந்து கலக்கும்போதும் தெளிப்பானைக் கழுவும்போதும் சிந்தும் நஞ்செல்லாம் அந்தப் படுகையில் விழுமாறு செய்கிறார்கள். வைக்கோல் வெண் அழுகல் பூஞ்சைகளை வளர்க்கிறது, கரி மட்கு ஈரத்தையும் அமிலத்தன்மையையும் காக்கிறது, நஞ்சு கலவையில் பிடிபட்டு மாதக்கணக்கில் சிதைகிறது. ஐரோப்பாவின் பல நாடுகளும் லத்தீன் அமெரிக்காவில் சிலவும் தத்தம் இடத்தில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு இதைச் செய்கின்றன.

இது உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்றால், பழைய பண்ணைகளில் நஞ்சு வயல் முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. கிணற்றடியில் டேங்க் நிரப்பிய இடம், காலிப் புட்டிகளைப் போட்டுவைத்த மூலை, மருந்து வைத்திருந்த கொட்டகையின் வாசல் ஆகிய சில சதுர மீட்டர்களில்தான் அது மிகுதியாகத் தேங்கியிருக்கும். முதலில் அந்த இடங்களை விசாரித்துக் கண்டுபிடியுங்கள். அங்கே மேல்மண்ணை ஓர் அடி ஆழத்துக்கு வெட்டியெடுத்து, தரையில் தடித்த தார்ப்பாய் விரித்து, மழைநீர் வழிந்தோடாதபடி கரை கட்டி, சிப்பிக் காளான் அறுவடை முடிந்த வைக்கோல் படுக்கைகளை மண்ணுக்குச் சரிபாதி கன அளவில் கலந்து, பிழிந்தால் நீர் சொட்டாத ஈரத்தில் நிழலில் வைத்திருங்கள். காளான் பண்ணைகளில் கழிவாகப் போகும் அந்தப் படுக்கைகளில் உயிருள்ள பூஞ்சையும் லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்சிடேஸ் நொதிகளும் மிச்சமிருக்கின்றன. வைக்கோல் மட்கிக் குழைந்ததும் புதிய படுக்கைகளைச் சேருங்கள். தென்னை நார்க்கழிவை மட்க வைக்க சிப்பிக் காளான் வித்தோடு டன்னுக்கு 5 கிலோ யூரியா சேர்க்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அந்தப் பழக்கத்தில் இந்தக் குவியலுக்கும் யூரியாவோ கோழி எருவோ போட வேண்டாம்; ஃபேனரோகீட் போன்ற பூஞ்சைகள் தழைச்சத்துப் பற்றாக்குறையில்தான் இந்த நொதிகளை மிகுதியாகச் சுரக்கின்றன, தழைச்சத்து பெருகினால் பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளும். கையுறையும் முகமூடியும் கட்டாயம். அந்தக் குவியலில் காளான் முளைத்தால் அதை எக்காரணம் கொண்டும் உண்ணக் கூடாது, ஆடு மாடும் மேயக் கூடாது.

கடைகளில் கிடைக்கும் ட்ரைக்கோடெர்மா என்ற மண் பூஞ்சையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேரழுகலைக் கட்டுப்படுத்த அது நல்ல துணை. ட்ரைக்கோடெர்மா ஹார்சியானம் எண்டோசல்பானைச் சிதைப்பதாக 1993இல் வெளியான ஆய்வும் உண்டு, ஆனால் அது வளர்ப்பு ஊடகத்தில் நடந்தது. அதை நிலத்தில் இடுவதில் தீங்கில்லை. அதை நம்பிப் பரிசோதனையைத் தவிர்ப்பதில்தான் தீங்கு.

இனி உங்கள் நிலத்தில் எது எஞ்சியிருக்கலாம் என்று பார்ப்போம். மோனோகுரோட்டோபாஸ் நீரில் எளிதாகக் கரைந்து வாரக்கணக்கில் சிதையக்கூடியது. தெளிப்பை நிறுத்திச் சில பருவங்கள் கடந்திருந்தால் அது பெரும்பாலும் இருக்காது. குளோர்பைரிபாஸ் மாதக்கணக்கில் நிற்கும், காரமான மண்ணில் சற்று விரைவாக உடையும். எண்டோசல்பானும் காரத்தன்மையில் டையால் பக்கமாகவே அதிகம் உடைவதால், உங்கள் கரிசலின் காரத்தன்மை பூஞ்சைக்கு எதிரியாக இருந்தாலும் இந்த வகையில் உங்களுக்கு நண்பன். எனினும் சல்பேட் வடிவில் கொஞ்சம் தங்கியிருக்கக்கூடும். இவற்றைவிட எனக்குக் கவலை தருபவை அக்கம்பக்கத்தார் மறந்திருக்கக்கூடிய பழைய மருந்துகள்: 1989இல் வேளாண்மையிலிருந்து விலக்கப்பட்ட டி.டி.டி.யும் 1997இல் தடை செய்யப்பட்ட பி.எச்.சி. என்ற குளோரின் வகைப் பூச்சிக்கொல்லியும் மண்ணில் பத்தாண்டுகளைத் தாண்டியும் நிற்பவை. செம்பு கொண்ட பூஞ்சைக்கொல்லிகள் மிகுதியாகத் தெளிக்கப்பட்டிருந்தால், எந்த நொதியும் அதற்கு உதவாது. செம்பு ஒரு தனிமம், அதைச் சிதைக்க முடியாது.

ஆகவே முதல் செலவு பரிசோதனைக்காக இருக்கட்டும். ஏக்கருக்குப் பதினைந்து இருபது இடங்களில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 15 செ.மீ. ஆழத்து மண்ணை எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கிக் குறைத்து, அரைக் கிலோவைக் கண்ணாடிப் புட்டியிலோ அலுமினியத் தாளிலோ பொதிந்து அனுப்புங்கள். மேலே சொன்ன சந்தேகத்துக்குரிய மூலைகளுக்குத் தனி மாதிரி வேண்டும். ஆய்வகங்களுக்குத் தேசிய அளவில் அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் பெற்ற, பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்கும் ஆய்வகமாக இருக்கட்டும். உரச்சத்து பார்க்கும் சாதாரண மண் பரிசோதனை இதற்கு உதவாது. கிணற்று நீரையும் சேர்த்தே சோதியுங்கள்.

முடிவு வரும்வரை பயிரைத் தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருங்கள். கரீபியக் கடலின் மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளில் வாழைத் தோட்டங்களுக்கு 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்ற மருந்து இடப்பட்டது. அங்கே வாழைப் பழத்தில் அது அநேகமாகச் சேரவில்லை. அதே மண்ணில் பின்னர் விளைந்த சேம்பு, வள்ளிக்கிழங்கு வகைகள், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றில்தான் சேர்ந்து மக்கள் உடலுக்குள் போனது. குளோரின் வகை நச்சுகளை மண்ணிலிருந்து உறிஞ்சுவதில் பரங்கி, சுரைக்காய்க் குடும்பத்துப் பூசணி வகைகள் மற்ற பயிர்களைவிட முன்னிற்கின்றன. எனவே முதல் இரண்டு பருவங்களில் கேரட், முள்ளங்கி, கிழங்குகள், பூசணி வகைகள், கீரை ஆகியவற்றைத் தவிர்த்து, தக்கைப்பூண்டு, சணப்பு போன்ற பசுந்தாள் பயிர்களை மடக்கி உழுது, பிறகு சோளம், கம்பு போன்ற உயரத்தில் மணி வைக்கும் தானியங்களுக்குப் போகலாம். மடக்கிய தழையும் தொழு எருவும் மண்ணின் சொந்த நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. வயலின் பரந்த பகுதியில், மெதுவாக என்றாலும், வேலையை முடிக்கப்போவது அவையே.

வைக்கோல் குவியலுக்கு ஓராண்டு கழித்து மறுபரிசோதனை செய்யும்போது எண்டோசல்பானோடு எண்டோசல்பான் சல்பேட்டையும், டி.டி.டி.யோடு (DDT) அதன் சிதைவுப் பொருட்களான டி.டி.இ. (DDE), டி.டி.டி. (DDD) ஆகியவற்றையும், பி.எச்.சி.யின் நான்கு வடிவங்களையும் தனித்தனியே அளக்கும்படி ஆய்வகத்தாரிடம் எழுதிக் கேளுங்கள். முதல் நாளிலேயே அதே மண்ணில் சில கூடைகளைப் பூஞ்சை சேர்க்காமல், அதே நிழலில், அதே ஈரத்தில் ஒதுக்கிவைத்து அதையும் உடன் அனுப்புங்கள். அந்த ஒப்பீடு இல்லாமல், குறைந்தது பூஞ்சையாலா காலத்தாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. முடிவுகள் வந்ததும் எண்களை அப்படியே இங்கே இடுங்கள், குவியலை வயலுக்குத் திருப்பலாமா என்று சேர்ந்து பார்ப்போம்.